கடிக்கும் கைப்பிடி

ஈரானின் கெர்மான் ஊரில் வந்தவருக்குத் தேநீர் கொடுக்காத வீடு என்றால் இரண்டில் ஒன்று. அந்த வீட்டில் அடுப்பு இல்லை, அல்லது வந்தவர் சீக்கிரம் தொலைந்தால் தேவலை என்று நினைக்கிறார்கள். இன்ஜினியர் கேவானின் வீட்டில் மூன்று அடுப்பு இருப்பதை ஸியாமக் நுழையும்போதே எண்ணிவிட்டான். வந்து நாற்பது நிமிடம் ஆகியும் ஒரு கோப்பை தேநீர் வரவில்லை. கூடத்து மேஜையில் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் அடைத்த பிஸ்கெட் இருந்தது. அவன் கண் அங்கே போவதைப் பார்த்த கேவானின் மனைவி ஷஹ்லா, எழுந்து போய்த் தட்டை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கானும், தட்டை மூடிட்டாங்க," என்றான் மெல்ல.

"வேலையைப் பாரு," என்றாள் மஹ்லகா.

மஹ்லகாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் போலீஸில் விசாரணை செய்துவிட்டு, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவள். இப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிகிறாள். ஸியாமக் அவளுக்கு டிரைவர், எடுபிடி, கொஞ்சம் தலைவலி. வாய்க்கு வாய் "கானும்" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அந்த ஒரு வார்த்தையோடு அவன் மரியாதை தீர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். இருபது நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கேவானின் அம்மா தூபா கானும் மாடி அறையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். இதய நோயாளி, அந்தச் சாவில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏழாம் நாள் காரியம் முடிந்து அவளுடைய இரும்பு அலமாரியைத் திறந்தால், நிஷாப்பூர் ஃபிரோஸா என்னும் நீலக்கல் பதித்த நெக்லஸைக் காணோம். கடைசிவரை அவளோடு இருந்தது வேலைக்காரி நிக்பக்த் மட்டும்தான். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவள், ஒன்பது வருடமாக இந்த வீட்டில் வேலை. அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

நிக்பக்த் சொன்னது ஒன்றே ஒன்று. செவ்வாய் தோறும் மதியம், வீட்டுக்காரர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு டாக்டர் வருவார். உயரமானவர். முகத்தில் மாஸ்க், தலையில் கம்பளிக் குல்லா. யாரிடமும் சொல்லக்கூடாது என்று தூபா கானும் சொல்லியிருந்தாள். கடைசிச் செவ்வாயும் அவர் வந்துபோனார்.

"டாக்டராவது மண்ணாவது," என்றார் கேவான். "அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை டாக்டர் யாரும் கிடையாது. திருடிட்டு கதை கட்டுறா. நாலு மணிக்கு போலீஸ் வருது. அவளையும் அவ பொண்ணையும் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவாங்க. அதுக்குள்ள உங்க பேப்பரை எழுதி முடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவருடைய சட்டைப் பையில் நிக்பக்தின் குடியிருப்பு அட்டை எட்டிப் பார்த்தது. அந்த அட்டை இல்லாமல் அவள் தெருவில் பத்தடி நடக்க முடியாது. அதைப் பிடுங்கிக்கொண்டு, ஆளைச் சமையலறைக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில் பூட்டியும் வைத்திருந்தார்கள்.

"பூட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டாள் மஹ்லகா.

"நான்தான்," என்றது ஒரு கனத்த குரல். ஜன்னலோரம் நின்றிருந்த நெடிய ஆள் திரும்பினார். ஷஹ்லாவின் அண்ணன் ஹூமன், கார் ஷோரூம் முதலாளி. "அந்தப் பொம்பளையை என் கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்னேன். தப்பா?"

"நீங்க இங்க அடிக்கடி வருவீங்களா?"

ஹூமன் சிரித்தார். "ஊருக்குப் புதுசா நீங்க? பதினோரு வருஷமா எனக்கும் தூபா கானுமுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. என் தங்கச்சி கல்யாணத்துல எங்க அப்பாவைச் சமையற்கட்டு வாசல்ல உட்கார வெச்சா. நீ உயிரோட இருக்கிறவரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். மிதிக்கல. காரியத்துக்குத்தான் வந்தேன். மாடிப்படி எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது."

அது ஊரறிந்த சண்டை. ஸியாமக்கின் பெரியம்மாகூட அந்தக் கதையை ஒரு கல்யாண வீட்டில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள்.

"மாடியைப் பார்க்கணும்," என்று எழுந்தாள் மஹ்லகா. மீனைக் கண்ட பூனை மாதிரி மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள். இவர்களை நம்பி ஒரு ஸ்பூனைக்கூடத் தனியாக விட மாட்டார்கள் போலிருந்தது.

*

தூபா கானும் இருந்த அறை பெரிது. தரை முழுக்கச் சுவருக்குச் சுவர் புதிய நைலான் கார்ப்பெட். சுவர் முழுக்கத் தங்கப் பூப்போட்ட, பளபளக்கும் பிளாஸ்டிக் காகிதம். மூலையில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு காலிக் கெட்டில். எல்லோரும் வீட்டு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததும், குளிர் வருகிறது என்று ஷஹ்லா கதவைச் சாத்தினாள். கதவின் உட்புறம் ஒரு பித்தளைக் கைப்பிடி. அதற்குப் பக்கத்துச் சுவரில் ஏதோ டயர் கம்பெனியின் காலண்டர் தொங்கியது.

மஹ்லகா அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். அலமாரியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், காலண்டரின் நுனியைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஸியாமக் எட்டிப் பார்த்தான். காலண்டருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு முழ நீளத்துக்குக் காகிதம் வெட்டப்பட்டு வெறும் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. அதில் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய இரண்டு கறை. ஒன்று கீழே. இன்னொன்று அதற்கு ஒரு சாண் மேலே.

"பல்லி குடும்பம் இருந்த இடமா கானும்?"

"கீழ போய் என் பையை எடுத்துட்டு வா."

ஸியாமக் கைப்பிடியைப் பிடித்தான். சடக்கென்று ஒரு நீலப் பொறி பறந்தது. விரல் நுனியில் தேள் கொட்டின மாதிரி இருந்தது. "யா அபுல்ஃபஸ்ல்" என்று புனிதர் பெயரைக் கத்திக் கையை உதறினான். "தேநீர்தான் இல்ல, கரண்ட்டாவது கொடுத்தாங்களே."

"எலக்ட்ரீஷியன் ரெண்டு தடவை வந்து பார்த்தாச்சு," என்றார் கேவான் எரிச்சலோடு. "ஒயரிங்ல குறை இல்ல."

"மரக்கதவுல ஏதுங்க ஒயர்?" என்றாள் மஹ்லகா. "குறை கார்ப்பெட்ல. ரப்பர் செருப்போட நைலான் மேல நடக்குறோம். தேய்க்கத் தேய்க்க உடம்புல மின்சாரம் சேருது. ஈரக்காத்து இருந்தா அது கசிஞ்சு போயிடும். கெர்மான் குளிர்காலத்துல காத்துல ஏது ஈரம், அதுவும் ஹீட்டர் போட்ட ரூம்ல. உலோகத்தைத் தொட்டதும் மொத்தமா ஒரே பாய்ச்சலா இறங்குது. ஹீட்டர் மேல ஒரு கெட்டில் தண்ணி கொதிக்க வெச்சாலே பாதி அடங்கிடும். எல்லார் வீட்டுலயும் வைப்பாங்களே, இங்க ஏன் தரையில கிடக்கு?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள் ஷஹ்லா. "வால்பேப்பர் துபாய்லேருந்து வந்தது. நீராவி பட்டா உரிஞ்சிடும்."

"மாமியார் விரல்ல தினம் பொறி பறந்தா பரவாயில்ல."

ஷஹ்லாவின் முகம் சிவந்தது. கேவான் குறுக்கே வந்து, "உங்களுக்குப் பாடம் நடத்தத்தான் சம்பளமா? வாங்க வெளிய," என்று தானே கதவைத் திறக்கப் போனார். அவருக்கும் சடக்கென்று அடித்தது. "சனியன்" என்று கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இன்ஜினியர் ஐயா, அம்மாவைப் பார்க்க இந்த ரூமுக்கு எப்பப்ப வருவீங்க?" என்று கேட்டாள் மஹ்லகா.

"தினமும் வருவேன்."

"தினமும் வர்றவருக்கு இந்தக் கைப்பிடி இன்னும் பழகலையா?"

கேவான் ஷஹ்லாவைத் திரும்பிப் பார்த்தார். ஸியாமக்குக்கு முதல் தடவையாக அந்த வீட்டின் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. அடுத்த தெருவில் இருப்பது போல ஒரே வீட்டுக்குள் அம்மாவைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். அவளோடு பேச ஒரு வேலைக்காரியை வைத்துவிட்டு, இப்போது அந்த வேலைக்காரியைத் துரத்த மணி பார்க்கிறார்கள்.

*

சாமான் அறைக்குள் மஹ்லகா ஐந்து நிமிடம் தனியாக இருந்தாள். ஸியாமக் வெளியே காவல் நின்றான். நிக்பக்தின் குரல் கேட்கவேயில்லை. வெளியே வந்த மஹ்லகாவின் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. அந்தப் பளபளப்பு வந்தால் பெட்ரோல் செலவு உறுதி என்று ஸியாமக் அறிவான்.

"தூபா கானுமுக்கு முன்னாடி வைத்தியம் பார்த்த டாக்டர் யாரு?"

"தெஹ்கான். நாலு தெரு தள்ளி கிளினிக். ஒட்டகம் மாதிரி உயரம். போன வருஷமே இங்க வர்றதை நிறுத்திட்டேன்னு சத்தியம் பண்றார்."

"கூட்டிட்டு வா."

"வரலைன்னா?"

"வாய் இருக்குல்ல. இன்னைக்காவது உபயோகமா பேசு."

மூன்றரைக்கு டாக்டர் தெஹ்கான் வந்தார். வந்தார் என்பதைவிட, திட்டிக்கொண்டே இழுத்து வரப்பட்டார் என்பது பொருத்தம். வழி நெடுக ஸியாமக்கின் வம்சத்தையே அவர் விசாரித்துவிட்டார். மறுபடி மாடி, மறுபடி ரப்பர் செருப்பு, மறுபடி கதவைச் சாத்தினார்கள். ஹூமன் கட்டில் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டர், அந்த மாத்திரை எல்லாம் நீங்க எழுதினதா பாருங்க," என்று மஹ்லகா அவரை அறையின் கோடிக்கு அனுப்பினாள். அவர் போய்ப் பார்த்தார், இல்லை என்றார், திரும்பி வந்தார்.

"சரி. நீங்க போகலாம்."

"என்னது?"

"அவ்வளவுதான். கிளம்புங்க."

"இதுக்கா பதினாலு நோயாளியை உட்கார வெச்சிட்டு வந்தேன்?" டாக்டர் பாய்ந்து போய்க் கைப்பிடியைப் பிடித்தார். சடக். அந்த ஒட்டக உடம்பு ஒரு அடி துள்ளியது. "பைத்தியக்கார வீடு," என்று அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

மஹ்லகாவின் தோள் தளர்ந்தது. "அவர் இல்ல," என்றாள் தனக்குத்தானே.

ஸியாமக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் தோற்றுவிட்டாள் என்பது புரிந்தது. மணி மூன்று ஐம்பது. கேவான் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல துப்பு. ஒரு கிழவனைக் கூட்டிட்டு வந்து ஷாக் கொடுத்து அனுப்பினதுதான் விசாரணையா? அவகிட்ட எவ்வளவு வாங்கினீங்க?"

"வாங்கினா சொல்லுங்க," என்றாள் ஷஹ்லா. "எங்க மாமியார் நெக்லஸ்லதானே கொடுத்திருப்பா."

"போதும்," என்றார் ஹூமன். குரலில் அறை அதிர்ந்தது. "போலீஸ்லேருந்து தள்ளிவிட்ட பொம்பளைக்கு ஒரு திருடிமேல பாசம். இனி உங்க காலடி இந்த வீட்டுல பட்டா, கம்பெனிக்கு நான் எழுதுவேன். உங்களுக்கு நானே வாசல் காட்டுறேன், வாங்க." நீளமாக நாலு எட்டு வைத்து அறையைக் கடந்தார். வலது கை கைப்பிடிக்கு நீண்டது.

"கையை எடுக்காதீங்க, ஹூமன் ஐயா," என்றாள் மஹ்லகா. "அப்படியே நில்லுங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் நின்றார்கள். ஹூமனின் வலது கை கைப்பிடிமேல் இருந்தது. பொறி பறக்கவில்லை. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். மஹ்லகா மட்டும் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மணிக்கட்டுவரை டயர் கம்பெனி காலண்டருக்கு அடியில் நுழைந்திருந்தது.

"இந்த ரூம்ல இன்னைக்கு மூணு பேர் அடி வாங்கினாங்க," என்றாள். "என் ஆளு, வீட்டுக்காரர், டாக்டர். நீங்க வாங்கல."

ஹூமன் இடது கையை உருவிக்கொண்டார். "டாக்டர் குதிச்சதைப் பார்த்தேன். சுவத்தைத் தொட்டா கரண்ட் இறங்கிடும்னு எனக்கும் தெரியும். என் ஷோரூம்லயும் கார்க் கதவு அடிக்கும். இது ஒரு குத்தமா?"

"இந்தச் சுவத்தைத் தொட்டா இறங்காது. முழுக்கப் பிளாஸ்டிக் காகிதம். எங்க தொட்டாலும் பிரயோஜனமில்ல, ஒரே ஒரு இடம் தவிர. ஸியாமக், காலண்டரைக் கழட்டு."

ஸியாமக் கழற்றினான். வெறும் சுவரும் இரண்டு கறையும் தெரிந்தன. ஷஹ்லா ஓடி வந்து பார்த்து, "என் வால்பேப்பரை எவ வெட்டினது?" என்றாள்.

"நிக்பக்த். கெட்டிலை எடுக்கச் சொல்லிட்டீங்க. உங்க மாமியாரோ இதய நோயாளி. ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுறாங்கன்னு அவ பயந்தா. அதான் கொஞ்சம் காகிதத்தை வெட்டி, முதல்ல இங்க கை வைங்க, அப்புறம் கைப்பிடின்னு சொல்லிக் கொடுத்தா. நீங்க திட்டுவீங்கன்னு காலண்டரை மாட்டி மறைச்சா. கீழ இருக்கிற கறை அவங்க ரெண்டு பேர் கை. மேல இருக்கிறது உயரமான ஒருத்தர் கை. அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் கை. அவர் தெஹ்கானா இருப்பார்னு நான் நெனச்சேன். உங்களை நான் சந்தேகப்படவே இல்ல, ஹூமன் ஐயா. நீங்களாத்தான் வந்து கையை வெச்சீங்க."

"ஒரு காலண்டரை வெச்சு என்னைத் திருடன்னு சொல்றியா?"

"திருடன்னு நான் சொல்லல. இங்க வந்திருக்கீங்கன்னுதான் சொன்னேன். பெத்த மகனுக்குத் தெரியாத இடம் இது, மருமகளுக்குத் தெரியாத இடம். மாடிப்படி எந்தப் பக்கம்னு தெரியாத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதுவும் திரும்பிக்கூடப் பார்க்காம?"

 ஹூமன் தன் இடது கையை ஏதோ காட்டிக்கொடுத்த வேலையாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கேவான் கீழே போனார். சாமான் அறைப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. நிக்பக்த் அவருக்குப் பின்னால் ஏறி வந்தாள். குள்ளமான, ஒடிசலான பெண். அழுத கண் வீங்கியிருந்தது. குளிருக்காகக் கேவான் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தினார்.

அவள் ஹூமனை ஏற இறங்கப் பார்த்தாள். "முகம் தெரியாது. மாஸ்க் போட்டிருப்பார். ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

காலையிலிருந்து வீட்டையே அதிரவைத்த மனிதர் பேசவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு கார்ப்பெட்டைப் பார்த்தார்.  ஷஹ்லா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா. நீங்க வந்தீங்களா? சும்மா இல்லைன்னு சொல்லுங்களேன். அண்ணா, நெக்லஸ் எங்க?"

"ஷோரூம் பெட்டகத்துல இருக்கு," என்றார் ஹூமன் தங்கையிடம் மட்டும், அடிக்குரலில். "விக்கல. இன்னும் விக்கல."

"இந்தக் குரல்தான்," என்றாள் நிக்பக்த். அவளுக்குச் சந்தோஷம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. "ஏதோ பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்னு வந்தார், யாருன்னு அம்மா எனக்குச் சொல்லல. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். தான் முதல்ல இறங்கிவந்தது தெரிஞ்சா அவருக்கு வெக்கம், யார் கேட்டாலும் டாக்டர்னு சொல்லிடுன்னு அம்மா சொன்னாங்க. செவ்வாய்க்கிழமைன்னா காலையிலேயே தலை வாரிவிடச் சொல்வாங்க. வேற யார் வருவாங்க அவங்களைப் பார்க்க?" ஹூமன் பக்கம் திரும்பினாள். "முதல் நாள் அந்தக் கைப்பிடி உங்களைக் கடிச்சப்போ, நான்தான் உங்க கையைப் பிடிச்சு அந்த இடத்துல வெச்சேன். அன்னைக்கே கடிக்கட்டும்னு விட்டிருக்கணும்."

கேவான் சட்டைப் பையிலிருந்து குடியிருப்பு அட்டையை எடுத்தார். ரப்பர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து அறையைக் கடந்து வந்து நீட்டினார்.  நிக்பக்த் அட்டையை வாங்கவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல சுவத்தைத் தொடுங்க, இன்ஜினியர் ஐயா. உங்க கையிலேருந்து எனக்கு அடிக்கும்."

அவர் போய்ச் சுவரில் கை வைத்தார். மேலே இருந்த கறையில்.

"அங்க இல்ல. அது அவர் இடம். கீழ வைங்க. அங்கதான் உங்க அம்மா கை வைப்பாங்க."

கேவான் குனிந்து கீழ்க் கறையில் உள்ளங்கையைப் பதித்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவேயில்லை. அவர் முதுகு குலுங்குவதை ஸியாமக் பார்த்தான்.  ஆனாலும் அந்த மனிதர்மேல் அவனுக்கு இரக்கம் வரவில்லை. திரும்பி வந்து நீட்டியபோது நிக்பக்த் அட்டையை வாங்கித் துடைத்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.

கீழே வாசல் மணி அடித்தது. மணி நான்கு. ஒன்பது வருடப் பழக்கத்தில் ஷஹ்லா நிக்பக்தைத்தான் பார்த்தாள்.

நிக்பக்த் நகரவில்லை. தூபா கானும் உட்காரும் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "உங்க வீட்டுக்குத்தான் போலீஸ் வந்திருக்கு கானும். நீங்களே போய்த் திறங்க."

மணி மறுபடி அடித்தது. ஷஹ்லா கதவுப் பக்கம் நடந்தாள். சுவரில் இருந்த இரண்டு கறையையும் பார்த்தாள். வேலைக்காரி கை பட்ட இடத்தில் தன் கையை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நேராகக் கைப்பிடியைப் பிடித்தாள்.

நிக்பக்த் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த முறை அவள் யாரையும் எச்சரிக்கவில்லை.